முதல் கோடிங் மொழி எது? கொங்குப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "ஏனுங்க சார், பையனை லீவுல கோடிங் கிளாசுக்கு அனுப்பலாம்னு இருக்கறமுங்க. ஜாவா சேர்த்தி விடட்டுங்களா, பைத்தான் சேர்த்தி விடட்டுங்களா?" கேட்பவர் பெருந்துறையில் மளிகைக் கடை வைத்திருப்பார், இல்லையென்றால் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருப்பார். கேள்வி மட்டும் மாறுவதில்லை. நான் ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லித் தருகிறேன். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "பையன் என்னங்க செய்யோணும்னு ஆசைப்படறான்?" பல வீடுகளில் இதைப் பிள்ளையிடம் யாருமே கேட்டிருப்பதில்லை. எந்த மொழிக்குச் சம்பளம் அதிகம் என்ற விசாரிப்பு மட்டும் நடந்திருக்கும். 12 வயதுப் பிள்ளை வேலைக்குப் போக இன்னும் 10 வருடம் இருக்கிறது. அதற்குள் கம்பெனிகள் கேட்பது எத்தனையோ முறை மாறிவிடும். அதனால் முதல் மொழிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. தொடங்கிய முதல் வாரத்துக்குள், தன் வீட்டுக் கணக்கையோ தான் நினைத்த படத்தையோ கம்ப்யூட்டர் செய்து காட்டுவதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிட வேண்டும். எந்த மொழியில் அது நடக்குமோ, அந்தப் பிள்ளைக்கு அதுவே முதல் மொழி.

இது நமக்குப் புது வேலை இல்லை

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று பெற்றோர் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு பெட்டி மாட்டிய கைத்தறியைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மேலே தொங்கும். மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாக நகரும். ஓட்டை உள்ள இடத்தில் பாவு நூல் எழும்பும், ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. போர்வையில் விழுகிற பூவும் மயிலும் "உண்டு, இல்லை" என்ற இரண்டே பதில்களால் ஆனவை. இந்த முறையை 1804-இல் பிரான்சில் அமைத்தவர் ஜோசப் மேரி ஜக்கார்டு. 1830-களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரத்துக்காக ஏடா லவ்லேஸ் 1843-இல் வெளியிட்ட கணக்குமுறையைத்தான் உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலர் சொல்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது.

கோவையில் சிஎன்சி மெஷின் (எழுதிய கட்டளைப்படி உலோகத்தைத் தானே வெட்டும் மெஷின்) ஓட்டுகிற அப்பாவுக்கு இன்னும் சுலபம். ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் போ, எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று. வரிசையாக எழுதிய இந்தக் கட்டளைகளும் புரோகிராம்தான். ஒரு வரி மாறினால் ஜாப் வீணாகும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளை கற்கப்போவது இதே ஒழுங்கைத்தான். ஆகவே பக்கத்தில் உட்காருங்கள்.

முதல் படி: பிள்ளையிடம் கேளுங்கள்

ஒரு நாள் சாயங்காலம் உட்காரவைத்துப் பேசுங்கள். "கண்ணு, கம்ப்யூட்டர் நீ சொன்னதைக் கேக்கும்னா என்ன செய்யச் சொல்லுவே?" பதில் பெரும்பாலும் நான்கு வகைக்குள் வந்துவிடும். கேம், கார்ட்டூன், கதை என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. கணக்கு, புதிர், கிரிக்கெட் ஸ்கோர் என்று சொல்பவர்கள் உண்டு. "போன்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு பக்கம்" என்று சிலர் கேட்பார்கள். மோட்டாரையும் லைட்டையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. "தெரியல" என்று வந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கும் கீழே வழி இருக்கிறது.

வயதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கீபோர்டில் ஒரு வரியைத் தவறில்லாமல் அடிக்கும் பொறுமை 11, 12 வயதில்தான் பலருக்கு வருகிறது. அதற்கு முன்னால் தட்டச்சு செய்யும் மொழியைத் திணித்தால், பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: வீட்டில் என்ன இருக்கிறது?

புது லேப்டாப் வாங்கிய பிறகுதான் தொடங்க முடியும் என்று நினைக்காதீர்கள். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ அப்போது கிடைத்தது பீரோவுக்கு மேலே தூசி படிந்து கிடக்கலாம். எடுத்துத் துடைத்து சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் வயரைச் சொருகி ஓட்டலாம். அதில் விண்டோஸ் 7 இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பைத்தான் 3.9-உம் அதற்குப் பின் வந்தவையும் விண்டோஸ் 7-இல் ஓடாது, 3.8 வரைதான் ஓடும். கற்றுக்கொள்ள 3.8 தாராளமாகப் போதும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பெரும்பாலான லினக்ஸில் பைத்தான் கூடவே வந்துவிடும், பழைய மெஷினும் கொஞ்சம் மூச்சு விடும்.

வீட்டில் போன் மட்டும்தான் என்றால், ஆண்ட்ராய்டில் பைடிராய்டு 3 என்ற செயலியில் நெட் இல்லாமலே பைத்தான் எழுதி ஓட்டலாம். ஆனால் போன் திரையில் விரலால் புரோகிராம் அடிப்பது பெரிய சிரமம். ஒரு சாதாரண யுஎஸ்பி கீபோர்டும் ஓடிஜி கேபிளும் வாங்கி போனில் சொருகிக் கொடுங்கள். ஞாயிறு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் இப்படித்தான் தொடங்கினார்கள், லேப்டாப் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பின்தங்கவில்லை.

மூன்றாம் படி: மொழிகளை எடை போடுவது

8 முதல் 11 வயது வரை, குறிப்பாக கேம், கதை என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, இலவசம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடு ஒன்றை மாட்ட வேண்டும். பொருந்தாத கட்டை மாட்டாது, அதனால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. யோசனை மட்டும் சரியாக இருந்தால் போதும். இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பாடமான சிஎஸ்50 முதல் வாரம் ஸ்கிராட்சில்தான் தொடங்குகிறது, அப்புறம்தான் சி, பைத்தான் என்று போகிறது.

12 வயதுக்கு மேல், ஆசை இன்னதென்று தெளிவாகத் தெரியாத பிள்ளைக்கு நான் சொல்வது பைத்தான். நெதர்லாந்துக்காரர் கீடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டார். பெயர் பாம்பிலிருந்து வந்ததில்லை, அவருக்குப் பிடித்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது. நான் இதைச் சொல்லக் காரணங்கள் உண்டு. திரையில் ஒரு வார்த்தை காட்ட ஒரே வரி போதும். ஜாவாவில் வழக்கமான முறையில் அதே வேலைக்கு, பொருள் புரியாமலே நாலைந்து வரிகளை மனப்பாடமாக அடிக்க வேண்டும். 13 வயதில் "இது ஏன்?" என்று கேட்டால் "அப்புறம் புரியும், இப்போது எழுது" என்று ஆசிரியர் சொல்ல வேண்டிவருகிறது. கேள்வி கேட்கும் பழக்கத்தை முதல் நாளே அடைத்துவிடுகிற எதுவும் எனக்கு ஒப்புதலில்லை.

தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இங்கிலீஷை நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு எண்ணிக்கை சொல்கிறேன். பைத்தானின் அடிப்படைச் சொற்கள் மொத்தம் 35. முதல் மூன்று மாதத்துக்கு அதில் 15-கூட வேண்டாம். இஃப், எல்ஸ், ஃபார், வைல் போன்ற சின்னச் சொற்கள். கிரிக்கெட்டுக்குப் பிள்ளைக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் இதைவிட அதிகம். தவிர, பைத்தான் 3-இல் கணக்கில் வரும் எண்களுக்கு நாம் வைக்கிற பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். "கூலி", "பீஸ்", "மொத்தம்" என்று தமிழில் பெயரிட்டு எழுதிய புரோகிராம் அப்படியே ஓடும்.

முழுக்கத் தமிழிலேயே எழுத "எழில்" என்ற மொழி இருக்கிறது, முத்து அண்ணாமலை உருவாக்கியது. திரையில் காட்ட "பதிப்பி" என்று எழுத வேண்டும். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளைக்கு, கம்ப்யூட்டர் தன் மொழியிலும் கேட்கும் என்று காட்ட அதில் இரண்டு வாரம் செலவழிப்பது நல்ல வழி. அதன்பின் பைத்தானுக்கு வரலாம்.

போனில் எல்லோரும் பார்க்கிற பக்கம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு ஜாவாஸ்கிரிப்ட். நிறுவ எதுவும் இல்லை, பிரவுசர் இருந்தால் போதும். 1995-இல் பிரண்டன் ஐக் 10 நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். அந்த அவசரத்தின் சுவடுகள் இன்னும் மொழியில் உண்டு, கடைசியில் ஒன்றைச் சொல்கிறேன். கூடவே எச்டிஎம்எல் கற்க வேண்டும். அது பக்கத்தின் சட்டகத்தை எழுதும் முறை, புரோகிராமிங் மொழி கிடையாது. எச்டிஎம்எல் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு "கோடிங் முடிந்தது" என்று சான்றிதழ் கொடுக்கும் இடங்களைக் கவனியுங்கள். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பிரிக்கிற பிள்ளைக்கு ஆர்டுயினோ. 2005-இல் இத்தாலியில் பிறந்த சின்ன போர்டு. அதற்கு எழுதுவது சி++. வழக்கமாக சி++ஐ முதல் மொழியாக நான் சொல்வதில்லை. ஆனால் கண்முன் லைட் எரிந்து அணைகிறபோது, அரைப்புள்ளி விட்ட பிழையைக்கூட அந்தப் பிள்ளைகள் சலிக்காமல் தேடுகிறார்கள். ஆழியாறு, அமராவதிப் பாசனத்துப் பிள்ளைகள் மண்ணில் ஈரம் பார்க்கிற சென்சாரைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லாம் 5 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். சின்னப் பொம்மைப் பம்பை வைத்துக் காட்டட்டும். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிப் பக்கம் பிள்ளை போகவே கூடாது.

சி மொழியை டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். கம்ப்யூட்டரின் உள்ளே நடப்பதை அவ்வளவு அருகில் காட்டும் மொழி வேறு குறைவு. இரண்டாவது மொழியாக அதை எடுத்தால் அருமை. நான் அதைத்தான் முதலில் படித்தேன். பணம் கட்டிச் சேர்ந்த ஒரு மையத்தில் இரண்டு மாதம் நோட்டில் எழுதவைத்தார்கள், கம்ப்யூட்டரைத் தொட விட்டது மூன்றாவது மாதத்தில். என்னோடு சேர்ந்த பலர் அதற்குள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு மூளை போதவில்லை என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அது உண்மையில்லை என்று இன்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

நான்காம் படி: பள்ளிப் பாடத்தோடு சேர்த்துப் பாருங்கள்

2018-19 முதல் வந்த மாநிலப் பாடநூல்களில் 10-ஆம் வகுப்பு அறிவியலிலேயே ஸ்கிராட்ச் பற்றிய பகுதி உண்டு. 11-ஆம் வகுப்பு கணினி அறிவியலில் சி++, 12-இல் பைத்தானும், தகவல் பட்டியல்களைக் கையாளும் எஸ்க்யூஎல்லும். கணினிப் பயன்பாடுகள் பிரிவு எடுத்தால் 11-இல் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், 12-இல் இணையதளங்களுக்கான பிஎச்பி மொழி. சிபிஎஸ்இ கணினி அறிவியலில் இரண்டு வருடமும் பைத்தான். 8, 9 படிக்கிற பிள்ளை இப்போது பைத்தானைப் பிடித்துக்கொண்டால், 11-இல் சி++ வரும்போது சுழற்சி (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), நிபந்தனை (இப்படி இருந்தால் இதைச் செய் என்பது) எல்லாம் ஏற்கனவே தெரிந்திருக்கும். எழுதும் முறை மட்டும்தான் புதிது. ஏற்கனவே 11-இல் இருக்கிற பிள்ளை என்றால் குழப்ப வேண்டாம், சி++ஐயே முதல் மொழியாக எடுத்துக்கொண்டு அதில் நன்றாக எழுதட்டும்.

ஐந்தாம் படி: முதல் வாரம்

பைத்தான் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தான்னி என்ற, புரோகிராம் எழுதி ஓட்டும் இலவச எடிட்டரை இறக்குங்கள். பைத்தானும் அதற்குள்ளேயே வருகிறது. புரோகிராம் ஒவ்வொரு வரியாக ஓடும்போது எந்தப் பெயருக்குள் என்ன எண் இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். புதியவருக்கு இதைவிட உதவி வேறில்லை.

முதல் நாள் பிரிண்ட் கட்டளையால் தன் பெயரையும் ஊரையும் காட்டட்டும். தமிழில் அடித்தாலும் வரும். வேறெதுவும் வேண்டாம். இரண்டாம் நாள் கூட்டல், பெருக்கல். மூன்றாம் நாள் இன்புட் கட்டளையால் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது.

நான்காம் நாள் கோலம். பைத்தானோடு டர்ட்டில் என்ற படம் வரையும் பகுதி சேர்ந்தே வருகிறது. 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியின் ஆமை அது. 100 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை 4 முறை செய் என்றால் சதுரம் வரும். அந்தச் சதுரத்தை 10 பாகை திருப்பித் திருப்பி 36 முறை போடச் சொன்னால் ஒரு பெரிய பூக்கோலம் விரியும். 36 தடவை 10 பாகை திரும்பினால் 360, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். 36-க்குப் பதில் 35 போட்டால் ஏன் ஒரு சந்து விடுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மார்கழியில் வாசலில் கோலம் போடுகிற அம்முச்சியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கே கோடு சேரவில்லை என்று அவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக் கணக்கு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிற 8-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி, பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அம்மாவுக்காகக் கணக்கு எழுதினாள். 240 பீஸ், பீசுக்கு 2 ரூபாய். ஓட்டியதும் திரையில் 240240 என்று வந்தது. "அண்ணா, எங்கம்மாவுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வருதுங்கண்ணா!" என்று ஓடிவந்தாள். இன்புட் வாங்குகிற எதுவும் பைத்தானுக்கு எழுத்துத்தான், எண் இல்லை. எழுத்தை இரண்டால் பெருக்கச் சொன்னால் இரண்டு முறை எழுதிவிடும். எண்ணாக மாற்ற இன்ட் என்ற கட்டளையைச் சேர்த்ததும் 480 வந்தது. எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம், நம்மூர்க் கணக்குகள்

நேரம் ஒரு நாளைக்கு 30 நிமிடம் போதும். ஆனால் வாரத்தில் 5 நாளாவது உட்கார வேண்டும். ஞாயிறு மட்டும் 4 மணி நேரம் என்றால், அடுத்த ஞாயிறு வரும்போது பாதி மறந்திருக்கும்.

முதல் மாதத்துக்கு நல்ல பயிற்சி கரண்ட் பில். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் அட்டவணையே மாறிவிடும். இப்போதைய ரேட்டை மின்வாரிய அட்டவணையில் பார்த்துப் பிள்ளை எழுதட்டும். வீட்டுக்கு வந்த பில்லோடு தன் புரோகிராம் சொல்லும் தொகையை ஒப்பிடட்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தேட வேண்டும். 500-க்கும் 501-க்கும் பில் எவ்வளவு மாறுகிறது என்று ஓட்டிப் பார்த்த பையன், அன்றே வீட்டில் தேவையில்லாத ஃபேனை அணைக்கத் தொடங்கிவிட்டான்.

இரண்டாம் மாதம் போர்வெல் கணக்கு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கே போனாலும் கூலி அடிக்கணக்கில்தான், ஆழம் போகப் போக ரேட் ஏறும். பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: முதல் 300 அடிக்கு அடிக்கு 100 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு 100 அடிக்கும் அடிக்கு 10 ரூபாய் கூடும். 850 அடி போனால் எவ்வளவு? கையால் போட்டால் 30,000, பிறகு 11,000, 12,000, 13,000, 14,000, 15,000, கடைசி 50 அடிக்கு 8,000. மொத்தம் 1,03,000. இதை வரிக்கு வரி இஃப் போட்டும் எழுதலாம், ஃபார் சுழற்சியில் சுருக்கமாகவும் எழுதலாம். முதலில் நீளமாக எழுதவிடுங்கள். ரேட் மாறினால் ஏழு இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறதே என்று பிள்ளைக்கே கை வலிக்கட்டும். அப்போது சுழற்சியைச் சொல்லிக்கொடுத்தால் அது ஏன் இருக்கிறது என்று சொல்லவே வேண்டியதில்லை. முதலில் கையால் கணக்குப் போட்டு, அப்புறம் புரோகிராமின் விடையோடு ஒப்பிடுவதை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

மூன்றாம் மாதம் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பால் சொசைட்டிச் சீட்டை வைத்து மாதக் கணக்கு, நாமக்கல் முட்டை விலையை நாள்தோறும் குறித்துவைத்து ஏற்ற இறக்கம் பார்ப்பது, கபடி ஸ்கோர், எதுவானாலும் சரி.

போகிற வழியில் இரண்டு புதிர்கள் கொடுங்கள். "வணக்கம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் 7 என்று சொல்லும். நமக்கு வ, ண, க், க, ம் என்று 5-தான். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் புள்ளி தனிக் குறியாக எண்ணப்படுவதால் இரண்டு கூடிவிடுகிறது. தமிழுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் தினமும் சந்திக்கிற சிக்கல் இது. இன்னொன்று, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்குகளில் எண்களை வைப்பதால் 0.1 அதற்குள் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் என் பில்லிங் சாஃப்ட்வேரில் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்திருக்கிறேன்.

பிழைச்செய்தி சிவப்பாக வரும்போது பிள்ளை முகம் வாடும். அதைப் படிக்கப் பழக்குங்கள். கடைசி வரியில் என்ன பிழை என்றும், அதற்கு மேலே எந்த வரியில் என்றும் இருக்கும். ஒரு நோட்டில் பிழையையும் சரிசெய்த விதத்தையும் தமிழில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டு எந்தப் பாடப்புத்தகத்தையும்விடப் பயன்படும்.

ஏஐ பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டால் போர்வெல் கணக்கை ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும். முதல் மூன்று மாதம் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். தான் எழுதியதில் வந்த பிழையை ஒட்டி, "இதற்கு என்ன அர்த்தம், தமிழில் சொல்" என்று கேட்கலாம். வேறொருவர் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்ப்பதில் பிள்ளைக்கு எந்தத் தசையும் வளர்வதில்லை.

பணம் கட்டும் முன்

காசில்லாமல் கிடைப்பவற்றை முதலில் பாருங்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டியூட்டோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலில் உண்டு. சின்னச் சின்ன வீடியோக்கள், நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்து பார்க்கும்படி அமைத்தவை. கணியம் தளத்தில் பைத்தான், லினக்ஸ் எல்லாம் தமிழில் இலவச மின்னூல்களாகக் கிடைக்கின்றன. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தமிழ்க் கம்ப்யூட்டர் புத்தகங்கள் இருக்கும் கடைகளிலும் ஒரு சுற்றுப் போகலாம். வாங்கும் முன் புத்தகம் பைத்தான் 3-க்கானதா என்று பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது.

வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்றால் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டரா? முதல் நாளே தொட விடுவீர்களா? போன வருடம் படித்த பிள்ளை தானாக எழுதிய ஏதாவது ஒன்றைக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சான்றிதழை எடுத்துக் காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து டர்போ சி என்ற கருவியின் நீலத் திரையை வைத்துச் சொல்லித் தரும் இடங்களும் இன்னும் இருக்கின்றன. அது 1990-களின் கருவி. அங்கே பழகியதில் சில, இன்றைய கம்பைலரில் (எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் சாஃப்ட்வேரில்) ஓடாது.

இரண்டாவது மொழி எப்போது?

முதல் மொழியில் ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றுத் திரையிலிருந்து தொடங்கி, யாரையும் கேட்காமல் 100 வரிக்கு ஒரு புரோகிராமைப் பிள்ளை எழுதி முடித்திருக்க வேண்டும். அதற்கு முன் "பக்கத்து வீட்டுப் பையன் ஜாவா படிக்கிறான்" என்று மாற்றாதீர்கள். பாதி பைத்தான், பாதி ஜாவா, பாதி சி என்று நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பொதுவாக இரண்டாவது மொழியின் தேவை தானாக வந்து நிற்கும். ஊத்துக்குளிப் பெண்ணுக்கு அப்படித்தான் வந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அம்மா கையில் போன்தான் இருக்கும், லேப்டாப் இருக்காது. "அம்மா போன்ல இந்தக் கணக்கு வரோணுங்கண்ணா" என்றாள். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் சரி, ஒரே ஒரு பக்கத்தை எழுதி போனின் பிரவுசரில் திறந்தால் போதும். பெருக்கல் முதல் முறையே 480 என்று சரியாக வந்தது, ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட் கேட்காமலே எழுத்தை எண்ணாக மாற்றிவிடும். அப்புறம் போனஸ் 50 ரூபாயைக் கூட்டிய தொகைப் பெட்டியில் அதே மொழி கூட்டாமல் ஒட்டிவைத்துவிட்டது, 530-க்குப் பதில் 48050. திரையைப் பார்த்ததும் அவள் என்னைக் கூப்பிடவில்லை. பிழை நோட்டை எடுத்து, பழைய 240240 பக்கத்தைத் திருப்பினாள்.